‘ஐசொலேட்டட்’ எதிலிருந்து?

கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடல்களுக்கான பேட்டரிப் பெட்டிகளை விற்கும் வணிகம் ‘ஐசொலேட்டட்’ என்ற ஒரே சொல்லின்மேல் நிற்கிறது. எட்டுப் பெடல்களுக்கு எட்டுத் துளைகள் கொண்ட, தோள்பைக்குள் அடங்கும் லித்தியம் பெட்டியின் அட்டையில் அச்சொல் பெரிய எழுத்தில் மின்னும். உதவித்தொகையில் மிச்சம்பிடித்து அதை வாங்கும் மாணவர், எட்டுத் துளைகளும் ஒன்றிலிருந்து ஒன்று மின்வகையில் பிரிக்கப்பட்டவை என்று பொருள்கொள்கிறார். இரைச்சல் வந்தபின் கடைக்காரரிடம் போனால், பெட்டி சுவர் மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டது என்பதே அதன் பொருள் என்று விடை கிடைக்கிறது. எதிலிருந்து என்னும் ஐந்தாம் வேற்றுமையை விட்டுவிட்டால் ‘பிரிக்கப்பட்டது’ என்ற கூற்றைப் பொய்யென்று நிரூபிக்கவே முடியாது. வணிகம் அந்த வேற்றுமையை மறந்துவிடவில்லை, வேண்டுமென்றே விழுங்கியிருக்கிறது.

இது சொற்பூசல் அன்று. டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் பெடல்களுக்குள் இருக்கும் செயலி ஓயாமல் துடிக்கிறது. பல பெடல்கள் ஒரே மின்வழியைப் பங்கிடும்போது அத்துடிப்பின் எச்சம் பக்கத்துப் பெடலுக்குள் கசிகிறது. பக்கத்தில் இருப்பது டிஸ்டார்ஷன் என்றால், சிறிய சைகையைப் பன்மடங்கு பெருக்குவதே அதன் வேலை. ஆகவே கசிவையும் அது விசுவாசமாகப் பெருக்குகிறது. போதாக்குறைக்கு, பெடல்களை இணைக்கும் ஒலிக்கம்பியின் உறை அவற்றின் எதிர்முனைகளை முன்பே ஒன்றாக்கியிருக்கும். மின்கம்பியும் அவற்றை இணைத்தால் ஒரு வளையம் உருவாகிறது. மேடையில் கேட்கும் கொசு ரீங்காரத்தின் ஊற்று பெரும்பாலும் இதுதான். துளைதோறும் தனிச் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்தால் இவ்வளையம் அறும். அதற்குச் செலவாகும். ஒரே மாற்றியில் ஐந்து வோல்ட்டை ஒன்பதாக உயர்த்தி எட்டுத் துளைகளுக்குப் பகிர்ந்துவிடுவது மலிவு. அந்த மலிவான பெட்டிக்கும் மேற்படி சொல்லே ஒட்டப்படுகிறது.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய வகை ஃபஸ் பெடல் வைத்திருப்பவரின் நிலை இன்னும் மோசம். அவற்றுள் பலவற்றில் நேர்முனையே நிலமுனை. பொதுவழியில் மற்றவற்றோடு அதைச் செருகினால் ஷார்ட் ஆகும். இரைச்சல் கேட்பதற்குக்கூட எதுவும் மிஞ்சாது.

அடுத்த ஏமாற்று ஓர் எண்ணில் இருக்கிறது. பெட்டிமேல் ‘10,000 மில்லிஆம்பியர்-மணி’ என்று போட்டிருக்கும். பெடல்கள் மொத்தம் 600 மில்லிஆம்பியர் இழுக்கின்றன என்று கொண்டால், மாணவர் வகுத்துப் பார்த்துப் பதினாறு மணிநேரத்துக்குமேல் வரும் என்று நம்புகிறார். ஆனால் அந்த எண் உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிடப்பட்டது. பெடல் கேட்பது 9 வோல்ட். 3.7-ஐ 10-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. அதை 9-ஆல் வகுத்து, மாற்றியில் வீணாகும் பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 3,500 மில்லிஆம்பியர்-மணிதான் மிஞ்சும். அதாவது ஆறு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. சவுண்ட் செக்குக்கும் மூன்று மணிநேர நிகழ்ச்சிக்கும் அது தாராளம். உண்மையே போதுமானதாக இருந்தும் பொய் சொல்லப்படுகிறது என்பதுதான் இதில் எரிச்சலூட்டுவது. வாட்-மணிக் கணக்கும் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. 100 வாட்-மணிக்கு மேற்பட்டதை விமான நிறுவனத்தின் ஒப்புதலின்றி எடுத்துச்செல்ல முடியாது என்பதால் அதை அச்சிடுகிறார்கள். விமான நிலையக் காவலரிடம் ஒளிக்காத உண்மையை வாங்குபவரிடம் ஏன் பொடி எழுத்தில் சொல்ல வேண்டும்?

எதிர்த்தரப்பும் யோக்கியமானது அன்று. பேட்டரி விளையாட்டுப் பொருள், சுவர் மின்சாரமே ‘உண்மையான’ ஒலி தரும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுக்கும் மூத்த கிட்டார் கலைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெடல் பேட்டரியில் பிறந்தது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். 1962-இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் இரண்டு 1.5 வோல்ட் செல்களில் இயங்கியது. 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸில் அடாப்டர் துளையே இல்லை. ஒன்பது வோல்ட் என்ற அளவே சிறிய சதுரப் பேட்டரி விட்டுச்சென்ற மரபு. ஷில்லாங்கிலோ ஐஸாலிலோ கொல்கத்தாவிலோ, டீசல் ஜெனரேட்டர் உறுமும் திறந்தவெளி மேடையில், மின்விளக்குகளோடு ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொண்டு வாசிக்கும் மாணவர் குழுவுக்கு நல்ல பேட்டரிப் பெட்டி சமரசம் அன்று. அதுவே சரியான தேர்வு. அவ்வழியில் வரும் இரைச்சல் அதனுள் நுழைய வழியே இல்லை.

ஆனால் இந்த நியாயத்தை ‘ஷாக் அடிக்காது’ என்ற விளம்பரமாக நீட்டுவதை மன்னிக்க முடியாது. பெடல்கள் பேட்டரியில் ஓடினாலும் கிட்டாரின் கம்பிகள் ஒலிக்கம்பியின் உறை வழியே ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு இணைந்தே இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லையென்றாலும் ஒலிவாங்கிக்கு எர்த் இல்லையென்றாலும் பேட்டரிப் பெட்டியால் யாரையும் காப்பாற்ற முடியாது. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு இறந்தார். ஊமை இரைச்சலைப் போக்க ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாம் முனையை முறித்துவிடும் வழக்கம் இன்றும் கல்லூரி மேடைகளில் இருக்கிறது. அதைச் செய்யும் மேடைப் பொறுப்பாளர் பேட்டரி வைத்திருக்கும் மாணவரிடம், ‘உனக்குத்தான் கவலையில்லையே’ என்கிறார். கவலைப்பட வேண்டியவரே அந்த மாணவர்தான்.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனைக்கு ஒரு பிரியாணி விலையில் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். இயற்பியல் துறையில் இரவலும் கிடைக்கும். பெட்டியை அணைத்துவிட்டு, மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டு துளைகளின் நடு ஊசிகளைத் தொட வேண்டும். பெடல்களின் வழக்கப்படி நடு ஊசிதான் எதிர்முனை. மீட்டர் ‘பீப்’ என்றால் அவ்விரு துளைகளும் ஒன்றே. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கடைக்காரர் சோதிக்க விடமாட்டார் என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.