'மெட்ரோ வரப்போகுது' என்ற ஒரு வரிக்கு நீங்க கட்டுற வட்டி எவ்வளவு?

வீட்டுக் கடன் பத்தி எந்த வீடியோ போட்டாலும் கீழ ஒரு கேள்வி தவறாம வரும். "சார், அந்த ஏரியாவுக்கு மெட்ரோ வரப்போகுதாம். இப்பவே வாங்கிப் போட்டுடலாமா?" கேட்கிறவங்க பெரும்பாலும் 30 வயசை ஒட்டினவங்க. மாசச் சம்பளம், முதல் வீடு, 20 வருஷக் கடன்.

என் பதில் ஒண்ணுதான். ஓடுற ரயிலுக்குக் காசு குடுங்க. ஓடப்போற ரயிலுக்குக் குடுக்காதீங்க.

முதல்ல கணக்கு

ஒரே மாதிரி ரெண்டு ஃபிளாட். ஒண்ணு 50 லட்சம். இன்னொண்ணு 'மெட்ரோ வரப்போகுது' என்பதால 60 லட்சம். அந்தக் கூடுதல் 10 லட்சத்தையும் கடனாத்தான் வாங்குறீங்கன்னு வைங்க. 8.5% வட்டி, 20 வருஷம்னா அதுக்கு மட்டும் மாச இஎம்ஐ சுமார் 8,678 ரூபாய்.

ரயில் வர ஏழு வருஷம் ஆச்சுன்னா, அதுக்குள்ள நீங்க கட்டியிருக்கிறது சுமார் 7.29 லட்சம். அதுல வட்டி மட்டும் 5.47 லட்சம். அசல்ல இன்னும் 8.18 லட்சம் பாக்கி. நடுவுல பெட்ரோலுக்கும் ஆட்டோவுக்கும் தனியா செலவு பண்ணிட்டுத்தான் இருப்பீங்க. புது வரி முறையில இருந்தீங்கன்னா, சொந்தமா குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது. அதாவது, இல்லாத ரயிலுக்கு மாசாமாசம் சீசன் டிக்கெட் எடுக்கிற கதை.

ஏழு வருஷம்னு சொல்றது அதிகமா?

சென்னையையே பாருங்க. மெட்ரோ முதல் கட்ட வேலை 2009-ல ஆரம்பிச்சு, கோயம்பேடு - ஆலந்தூர் இடையே முதல் ரயில் ஓடினது 2015 ஜூன்ல. இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. 63,246 கோடி ரூபாய்த் திட்டம் அது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைச்சது 2024 அக்டோபர்ல. நடுவுல கிட்டத்தட்ட நாலு வருஷம்.

வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயில் இன்னும் மோசம். வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல வேலை ஆரம்பிச்சாங்க. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டருக்கு நிலம் எடுக்கிறதுல வழக்கு. 15 வருஷத்துக்கும் மேல இழுத்துச்சு. 'பரங்கிமலை வரைக்கும் இணைப்பு வரப்போகுது'ன்னு நம்பி 2008-ல 20 வருஷக் கடன் எடுத்தவருக்குக் கடனே முடியிற நேரம் வந்தாச்சு.

கோவை, மதுரை நண்பர்கள் இதை இன்னும் கவனமா படிங்க. ரெண்டு ஊருக்கும் மெட்ரோ திட்ட அறிக்கை தயாராச்சு. ஆனா 2025 நவம்பர்ல மத்திய அரசு ரெண்டையும் திருப்பி அனுப்பிருச்சு. 2011 கணக்குப்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவுன்னு காரணம். நாளைக்கு முடிவு மாறலாம். ஆனா வரைபடத்துல ஸ்டேஷன் பேரைப் பார்த்து மனை வாங்கினவருக்கு இஎம்ஐ தேதி மாறாது.

உண்மையான கோளாறு எங்கே?

இதை வெறும் தாமதம்னு நான் பார்க்கல. வரிசை தப்பு. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல ஓட ஆரம்பிச்சது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடிச்சு வளர்ந்த ஊர்கள். ஓஎம்ஆர்ல நேர்மாறு. டைடல் பார்க் 2000-ல வந்துச்சு. அப்புறம் ஆபீஸ், அப்புறம் அடுக்குமாடி. மெட்ரோ வேலை ஆரம்பிக்கவே 20 வருஷத்துக்கு மேல ஆயிருச்சு.

கிளாம்பாக்கத்துலயும் அதேதான். பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல திறந்தாச்சு. பக்கத்துலயே தண்டவாளம் போகுது. ஆனா அன்னைக்கு அங்க ரயில் நிலையம் தயாரா இல்ல.

பஸ், ரயில், மெட்ரோ எல்லாத்தையும் ஒண்ணா திட்டமிடத்தான் கும்டான்னு ஒரு அமைப்பு இருக்கு. அதுக்கான சட்டம் 2010-ல வந்துச்சு. முதல் கூட்டம் நடந்தது 2022-ல. அதே 2022-லதான் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904-ஆ விரிக்க அரசாணை வந்துச்சு. இவ்வளவு பெரிய பரப்புல வீட்டுக்கு முதல்ல அனுமதி, போக்குவரத்து பிறகுன்னா, அந்த இடைவெளிக்கான செலவை யார் சுமக்கிறா? பில்டர் விலையிலேயே லாபத்தை எடுத்துடுவார். அரசுக்கு முத்திரைத் தீர்வை வந்துடும். மிச்சம் இருக்கிறது நீங்களும் உங்க இஎம்ஐயும்தான்.

அதனால என் கருத்து இது. ஒரு வழித்தடத்துக்கு நிதி உறுதியான பிறகுதான் அங்க பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்குக் கூடுதல் மாடி அனுமதி குடுக்கணும். சென்னைக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகுது. கருத்து கேட்கும்போது இதை எழுதி அனுப்புங்க. மீம் ஃபார்வர்டு பண்ற நேரம்கூட ஆகாது.

"வந்த பிறகு வாங்கினா விலை ஏறிடாதா?"

ஏறலாம். நியாயமான கேள்விதான். கையில உபரிப் பணம் இருந்து, பத்து வருஷம் தொடாம விடமுடியும்னா நீங்க ரிஸ்க் எடுக்கலாம். ஆனா முதல் வீட்டுக்குக் கடன் வாங்குறவர் நிலைமை வேற. மனை வாங்கினா 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணம். மொத்தம் 9% விலை ஏறினாத்தான் போட்ட காசே திரும்பும். வேலை மாறி ஊர் மாறினா அவசரத்துக்கு விற்கவும் முடியாது.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. திட்டம் எந்தக் கட்டத்துல இருக்கு? அறிவிப்பு, சாத்தியக்கூறு ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை வரைக்கும்தான்னா, அதுக்காகக் கூடுதலா ஒரு ரூபாயும் வேண்டாம்.
2. நிதி ஒப்புதல், நிலம், டெண்டர் மூணும் முடிஞ்சதா? முடிஞ்சிருந்தா கொஞ்சம் கூடுதலா குடுக்கலாம். அப்பவும் பில்டர் சொல்ற தேதியோட மூணு வருஷம் சேர்த்து கணக்குப் போடுங்க.
3. ரயில் வரவே இல்லைன்னாலும் இந்த வீட்டுல இருந்து தினமும் ஆபீஸ் போய் வர முடியுமா? திங்கட்கிழமை காலை 8 மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்ல இது தெரியாது.
4. மனை திட்டப் பாதைக்குள்ளயே வருதா? 'பக்கத்துல'ன்னு சொல்றது சில சமயம் 'மேலேயே'ன்னு ஆயிடும். நில எடுப்பு அறிவிப்பு, சாலை விரிவாக்கம், நில வகைப்பாடு, ரெரா பதிவு எல்லாத்தையும் சரிபாருங்க.

நாலுல ஒண்ணுக்கு 'இல்ல'ன்னு பதில் வந்தாலும் அவசரப்படாதீங்க. இன்னைக்கு ரயில் ஓடுற ஸ்டேஷன் பக்கத்துல வாடகைக்கு இருங்க. அந்த 8,678 ரூபாயை ஆர்டியிலயோ எஸ்ஐபியிலயோ போட்டு முன்பணத்தைச் சேருங்க. ரயில் வந்த பிறகு கொஞ்சம் விலை கூட இருந்தாலும், கடன் சின்னதா இருக்கும்.

நீங்க பார்த்து வச்சிருக்கிற ஏரியா எது, அங்க திட்டம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு கமென்ட்ல போடுங்க. கணக்கு போட்டே பேசலாம்.