காலை எடுக்கும் முன் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்

“இனிப்பு நீர் முத்திப்போச்சு, காலை எடுத்துட்டாங்க.” கெடாவின் பீடோங், பாடாங் செராய், கூலிம் தோட்டங்களில் இதைக் கேட்டு யாரும் அதிர்வதில்லை. நரை விழுவதுபோல் இதுவும் வயதோடு வருவது என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஏற்கக் கூடாது. எடுப்பதற்கு முன் அந்தக் காலின் ரத்தக் குழாயை யாராவது சோதித்தார்களா?

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரிடையே 31.4. நீரிழிவோடு சிகரெட்டும் சேர்ந்தால் கால் தமனிகளில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி அடைபடும். நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும், நின்றால் விட்டுவிடும். நம்மவர்கள் நரம்புக் கோளாறு என்று தைலம் தேய்த்தே நாளைக் கடத்துகிறார்கள். உணர்ச்சி மரத்த காலில் அந்த வலியும் தெரியாது. பூட்ஸ் உரசிய புண் ஆறாமல், பெருவிரல் கறுத்த பிறகே கிளினிக்குக்கு வருகிறார்கள்.

இதயத்துக்குப் பலூன் வைப்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வைத்தியம் பிறந்ததே காலில்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், விரல்கள் அழுகியும் காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியை, மெல்லிய குழாய் செலுத்தித் திறந்தார் டாக்டர் சார்லஸ் டாட்டர். அந்த அம்மாள் கடைசிவரை தன் காலிலேயே நடந்தார். பலூன் 1974-ல் காலுக்கு வந்தது. இதயத்துக்குப் போனது 1977-ல்தான். இன்று இடுப்பு மடிப்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பியை அடைப்பினூடே நுழைத்து, பலூனை விரித்து வழி உண்டாக்குகிறார்கள். பெரிய கீறல் இல்லை. முழு மயக்கமும் பெரும்பாலும் வேண்டாம். இதயம் தளர்ந்த முதியவருக்கு இது எத்தனை பெரிய வரம்!

எல்லாக் காலுக்கும் இதுவே மருந்தல்ல. மாற்றுவழியாகப் பொருத்தத் தொடையில் நல்ல நாளம் உள்ளவருக்குப் பைபாஸ் அறுவையே மேல் என்றது 2022-ல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு. சீழ் ஏறி உயிருக்கே ஆபத்து என்றால் காலை எடுக்கத்தான் வேண்டும். எது பொருந்தும் என்பதை ரத்தக்குழாய் நிபுணர் முடிவு செய்யட்டும். அவர் கண்ணில் படாமலேயே ஒரு கால் போவதுதான் அநியாயம்.

கெடாவின் ஒவ்வோர் அரசாங்கக் கிளினிக்கிலும் ரத்த ஓட்டத்தை அறியும் கையடக்க டாப்ளர் கருவி இருக்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த தாதியும் வேண்டும். விகிதம் 0.9-க்குக் கீழே இறங்கினால் அடைப்பு என்று பொருள். நீரிழிவில் குழாய் இறுகி அளவு பொய்யாக ஏறும் என்பதால், புண் உள்ளவருக்குக் கால்விரல் அழுத்தமும் பார்க்க வேண்டும். ஆறாத புண்ணோடு வருபவரை அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா, சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைகள் ஒரு வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும். சிகிச்சைக்கு வெளிமாநிலம் அனுப்ப நேர்ந்தால் வண்டியையும் சுகாதார அமைச்சே தரட்டும். பாலிங்கிலோ கோலகெட்டிலிலோ இருக்கும் ஒரு முதியவரைப் பினாங்குக்குக் கூட்டிப்போக, பிள்ளைகளில் ஒருவர் நாள் சம்பளத்தை இழக்க வேண்டியிருக்கிறது.