வாசலுக்கு ஒரு பச்சை ஜாடி

சூரமங்கலத்து வீடுகளில் செடி வளர்க்க ஆசை உண்டு. இடம்தான் இல்லை. வாசற்படி ஓரம் ஒரு முழம், மொட்டை மாடியில் ஒரு மூலை. அங்கே ஓட்டை வாளி, பெயிண்ட் டப்பா, சிமெண்டுத் தொட்டி என்று பத்துச் சாமான்கள். செடி சிரிக்கிறது. சாமான் அழுது வடிகிறது!

பத்துக்குப் பதில் ஒன்று போதும். பெரியதாக, மெருகு போட்ட மண் ஜாடியாக இருக்கட்டும்.

பிரெஞ்சு தேசத்தின் தென்பகுதியில் ஆண்டூஸ் என்று ஒரு சிற்றூர். ஊரின் பெயரே ஜாடிக்கும் பெயராகிவிட்டது. தலைகீழாக நிறுத்திய மணி போன்ற உருவம். உடம்பைச் சுற்றிப் பூமாலைத் தோரணம். நடுவே முத்திரை. பச்சை, தேன் மஞ்சள், பழுப்பு மூன்றும் ஒன்றோடொன்று வழிந்து கலந்திருக்கும். 400 ஆண்டுகளுக்கு முன் ஒரு குயவர் சந்தையில் இத்தாலியப் பூ ஜாடியைக் கண்டார், அதைப் போலச் செய்யப் போனார், இது பிறந்தது. அந்த ஊரார் சொல்லும் கதை இது.

அங்கே பனிக்காலக் குளிர் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொன்றுவிடும். ஆகவே சீமான்கள் மரத்தையே ஜாடியில் வளர்த்தார்கள். கோடையில் தோட்டத்தில் வைத்தார்கள். குளிர் வந்ததும் மண்டபத்துக்குள் கொண்டுபோனார்கள்.

வெயிலுக்கு என்ன செய்வது?

சேலத்துச் செடிக்குப் பகை குளிர் அல்ல, வெயில். வெறும் மண் தொட்டி தண்ணீரைக் கசியவிடும். சித்திரை மாதத்தில் காலையில் ஊற்றினால் மாலைக்குள் காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் தொட்டியின் வெளியே வெள்ளை பூக்கும். மெருகு போட்ட ஜாடியில் கசிவு குறைவு. மெருகு என்பது ஒருவகைக் கண்ணாடிதான். சூளையில் உருகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். செம்பு கலந்தால் பச்சை. இரும்பு கலந்தால் தேன் நிறம்.

ஜாடியின் அடியில் ஓட்டை அவசியம். இல்லாவிட்டால் வேர் அழுகும். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். அடியில் மூன்று செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துவது நல்லது. மண் போடும் முன்பே இடத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். பிறகு நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்துவது கஷ்டம்.

இன்னோர் எச்சரிக்கை. பழைய முறை மெருகில் ஈயம் சேர்ப்பார்கள். அலங்கார ஜாடியில் ஊறுகாய் போடவே கூடாது. புளிப்பு, ஈயத்தைக் கரைத்துவிடும். குழந்தைகளின் மூளைக்கு அது விஷம்.

இதற்காகச் சீமை ஜாடி வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பசுமாடே வாங்கலாம்! விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. தொழில் கற்பிக்கும் அரசு நிலையமும் இருக்கிறது. சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில்தான். அங்கிருந்தே விருத்தாசலத்துக்கு ரயில் போகிறது. புதுச்சேரியில் 1971-ல் இரண்டு அமெரிக்கர்கள் ஒரு மண்பாண்டக் கூடம் தொடங்கினார்கள். இன்று அந்தப் பக்கம் மெருகுப் பாண்டத்துக்குத் தனி மவுசு.

சேலத்துக் குயவரிடம் சக்கரம் இருக்கிறது. கைத்திறன் இருக்கிறது. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல் விளக்கு. மற்ற மாதங்களில் வேலைக்குத் திண்டாட்டம். அவருக்கு மெருகுப் பக்குவத்தைக் கற்றுக்கொடுத்தால், மாம்பழ நிறத்தில் ஒரு சேலம் ஜாடி ஏன் பிறக்காது? பயிற்சிக்கு ஆள் அனுப்புவதும், சூளை கட்டக் கடன் கொடுப்பதும் சர்க்காரின் வேலை. ஜாடி வந்தால் முதல் ஜாடியை வாங்குவது சூரமங்கலத்தாரின் வேலை.