குதிரையேற்றப் பயிற்சியில் கைப்பேசி: எடுப்பது வேறு, பரப்புவது வேறு

பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க மூன்று நாளே இருந்த வேளையில், 2024 ஜூலை 23-ஆம் தேதி, பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். 6 ஒலிம்பிக் பதக்கங்களை வென்ற அவரை விலக வைத்தது ஒரு காணொலி. சில ஆண்டுகளுக்கு முன் அவர் நடத்திய பயிற்சி வகுப்பொன்றில் எடுக்கப்பட்டது அது. மாணவி குதிரை மீது அமர்ந்திருக்க, பயிற்றுநரான டுஜார்டின் தரையில் நின்றபடி நீண்ட சாட்டையால் குதிரையின் கால்களை நோக்கி மீண்டும் மீண்டும் வீசுகிறார். அதே ஆண்டு டிசம்பரில் அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது.

அன்று அந்த வகுப்பில் யாரும் கேமராவைத் திறக்காமல் இருந்திருந்தால், இந்த விவகாரம் அந்த நாலு சுவருக்குள்ளேயே முடிந்திருக்கும். ஆனால், அதே கேமராதான் குதிரையிலிருந்து தடுமாறி விழும் பிள்ளையின் படத்தை அன்று மாலையே டிக் டாக்கில் ஏற்றி, முகம் தெரியாத நூறு பேரைச் சிரிக்க வைக்கவும் செய்கிறது. கைப்பேசியை வகுப்பில் அனுமதிப்பதா, தடுப்பதா என்று மட்டும் கேட்டால் இந்தச் சிக்கலுக்கு விடை கிடைக்காது. படம் எடுப்பது ஒரு செயல், அதை ஊருக்குக் காட்டுவது இன்னொரு செயல். முதலாவதற்குக் கிடைத்த சம்மதம் இரண்டாவதற்குச் செல்லாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் புக்கிட் கியாரா, அம்பாங் போலோ மன்றம், புத்ராஜெயா குதிரையேற்றப் பூங்கா என்று குதிரையேறக் கற்கும் இடங்கள் உள்ளன. செலவு பிடிக்கும் விளையாட்டு இது. ஒருகாலத்தில் லாயத்தில் உழைக்க மட்டுமே குதிரையின் அருகில் சென்ற தமிழர் குடும்பங்களுக்கு, பிள்ளை சேணத்தில் அமர்ந்திருக்கும் படம் பெருமையான ஒன்றுதான். அதைக் குடும்பப் புலனக் குழுவில் தாத்தா பாட்டிக்கு அனுப்ப நினைப்பதில் தவறே இல்லை.

படத்தால் கற்றலுக்கும் பயன் உண்டு. குதிரை மீது அமர்ந்திருப்பவருக்குத் தம் உடல் எப்படி இருக்கிறது என்று தெரியாது. "குதிகாலைக் கீழே அழுத்து, முதுகை நிமிர்த்து, முன்னால் பார்" என்று பயிற்றுநர் பத்து முறை சொன்னாலும் புரியாதது, தன் காணொலியை ஒரு முறை பார்த்ததும் புரிந்துவிடும்.

குதிரையின் கண்ணைக் கவனியுங்கள்

எடுக்கும் முறைக்கு முதல் விதியை வகுப்பது சட்டமல்ல, குதிரைதான். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே அதற்குப் பார்வை எட்டாது. ஆபத்து என்று தோன்றினால் ஓடித் தப்பிப்பதே அதன் இயல்பு. திடீரென வெட்டும் பிளாஷ் ஒளி, வேலியோரம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வரும் அப்பா, தலைக்கு மேல் இரையும் டிரோன், இவற்றில் எது வேண்டுமானாலும் அதை மிரள வைக்கலாம். கீழே விழப்போவது பிள்ளைதான்.

ஆகவே படம் எடுப்பவர் வேலிக்கு வெளியே ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிளாஷ் கூடாது. குதிரையின் பின்புறம் போகக் கூடாது. "இங்கே பார், சிரி" என்று பிள்ளையைக் கூப்பிடவும் கூடாது. அந்த நேரத்தில் பிள்ளை கேட்க வேண்டிய குரல் பயிற்றுநருடையது மட்டுமே. அவர் போதும் என்றால் கைப்பேசியை மடக்கிவிட வேண்டும்.

சட்டகத்துக்குள் யார் யார்?

ஒரு திடலில் நான்கைந்து பேர் ஒன்றாகக் கற்கும்போது, நம் பிள்ளையை மட்டும் எடுப்பது சிரமம். அடுத்த வீட்டுப் பெண் பிள்ளையும் படத்தில் விழுகிறாள். குதிரையேற்ற உடை உடலோடு ஒட்டியது. சேணத்தில் ஏறுவதும் இறங்குவதும் விழுவதும் யாரும் பிறர் பார்க்க விரும்பும் கோலங்கள் அல்ல. அவளுடைய பெற்றோர் அவள் படத்தை இணையத்தில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கலாம். நம் ஒரு பதிவு அந்த முடிவை அவர்களுக்குத் தெரியாமலேயே மாற்றிவிடுகிறது.

கடிவாளத்தைப் பிடித்து நடக்கும் லாயப் பணியாளரை யாரும் கேட்பதே இல்லை. முதலாளியின் வாடிக்கையாளர் படம் எடுக்கும்போது, "என்னை எடுக்காதீர்கள்" என்று சொல்லும் துணிவு எத்தனை தொழிலாளிக்கு இருக்கும்? தோட்டத்தில் துரை படம் எடுத்த காலத்தில் நம் முன்னோரையும் யாரும் கேட்கவில்லை. அந்த வலி தெரிந்தவர்கள் நாம். மறுக்க முடியாதவரின் மௌனம் சம்மதம் ஆகாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2004-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் விசாரித்த அல்ட்ரா டைமென்ஷன் வழக்கு இங்கே நினைவுகூரத்தக்கது. பாலர் பள்ளிப் பிள்ளைகளின் படம் அனுமதியின்றி நாளிதழ் விளம்பரத்தில் வெளிவந்தது. அந்தரங்கத்தில் தலையிட்டதாக வழக்குத் தொடுக்க நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அதன் பிறகு நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 2010-இல் சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5-வது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் குறிப்பிட்டது. அதே ஆண்டு பினாங்கு உயர்நீதிமன்றம், சிகிச்சையின்போது சம்மதமின்றிப் பெண் நோயாளியைப் படமெடுத்த மருத்துவருக்கு எதிரான வழக்கில், அந்தரங்கத்தில் தலையிடுவது வழக்குக்குரிய தவறே என்று ஏற்றுக்கொண்டது.

இன்னொரு பக்கம், 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. வணிக நடவடிக்கைகளுக்கே அது பொருந்தும். கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையம் மாணவரின் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால், இந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் தேவை. கொடுத்த சம்மதத்தை எழுத்துமூலம் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. 2024-இல் நிறைவேறிய திருத்தம், சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தியுள்ளது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சொந்த, குடும்பத் தேவைக்கான பயன்பாட்டை அச்சட்டம் விட்டுவிடுகிறது. பயிற்சி நிலையம் செய்தால் கேள்வி வரும்; பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெற்றோர் செய்தால் அச்சட்டம் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நம் பண்பாடுதான்.

பதிவின் கீழே வரும் வசை என்ன செய்யும் என்பதை நம் சமுதாயம் 2024 ஜூலையில் கண்டது. டிக் டாக்கில் மிரட்டலுக்கும் இழிவுக்கும் ஆளான ஈஷா என்ற ராஜேஸ்வரி உயிரிழந்தார். அவ்வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 வெள்ளி. அது கிளப்பிய கோபத்துக்குப் பிறகே தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. ஆனால் சட்டம் வந்து சேருவது காயம் பட்ட பிறகுதான்.

முழுத் தடையும் தீர்வல்ல

அப்படியானால் வகுப்பில் கைப்பேசியே கூடாது என்று சொல்லிவிடலாமா? சில பயிற்றுநர்கள் அதைத்தான் விரும்புவார்கள். டுஜார்டின் விவகாரம் நம்மை எச்சரிப்பது இங்கேதான். யாரும் பார்க்காத வகுப்பில் குதிரையும் அடி வாங்கலாம், பிள்ளையும் அடி வாங்கலாம். தன் பிள்ளையின் வகுப்பைப் பார்க்கவும் பதிவு செய்யவும் பெற்றோருக்கு இடம் தராத நிலையத்தை, ஏன் என்று கேட்க வேண்டும்.

தவறு ஒன்று பதிவானால் அது போக வேண்டிய இடம் டிக் டாக் அல்ல. குதிரை வதைக்கப்பட்டால், 2015 விலங்குநலச் சட்டத்தின் கீழ் கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் செய்யலாம். பிள்ளை துன்புறுத்தப்பட்டால் போலீஸ் இருக்கிறது, தாலியான் காசிஹ் 15999 எண் இருக்கிறது. நீதி கேட்பதாக எண்ணி, அழும் பிள்ளையின் முகத்தை ஊருக்கெல்லாம் அனுப்புவது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது அடி. பாதிக்கப்பட்ட சிறுவரின் படத்தையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிட 2001 சிறுவர் சட்டத்தின் 15-வது பிரிவு தடை விதித்திருப்பதும் இதனால்தான்.

பதியும்போதே கேளுங்கள்

வகுப்பில் சேரும் நாளிலேயே மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது. கற்றலுக்காகப் படம் எடுக்கலாமா? நிலையத்தின் முகநூலிலோ விளம்பரத்திலோ போடலாமா? மற்ற பெற்றோர் எடுக்கும் படத்தில் என் பிள்ளை இருந்தால் என்ன செய்வது? "எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்று ஒரே வரியில் கையெழுத்து வாங்குவது சம்மதம் பெறுவதாகாது. இரண்டாவது கேள்விக்கு "வேண்டாம்" என்றவரின் பிள்ளைக்கும் வகுப்பில் அதே இடம் இருக்க வேண்டும்.

பிள்ளையிடமும் கேட்க வேண்டும். பத்து வயதுக்குத் தன் படம் எங்கே போகிறது என்று புரியும். "இதைப் போடட்டுமா?" என்று கேட்கும் அப்பாவிடமிருந்து, தன் உடல் மீதும் தன் படம் மீதும் தனக்கு உரிமை உண்டு என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பின்னாளில் வேறு எவராவது கேட்காமல் கேமராவை நீட்டினால் மறுக்கும் தைரியம் அங்கிருந்துதான் வரும்.

இது குதிரைத் திடலோடு முடிவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் பரதநாட்டிய வகுப்பிலும், கிள்ளான் தமிழ்ப்பள்ளித் திடலில் நடக்கும் சிலம்பப் பயிற்சியிலும், நீச்சல் குளத்திலும் இதே கேமரா, இதே பிள்ளைகள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதற்குப் பணம் தேவையில்லை. பதிவு போடும் முன் பக்கத்துப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் போதும்.