முதல் நாள் எங்கள் ஊரிலும் நிற்கட்டும்

மாண்புமிகு சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சர் அவர்களுக்கு,



இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம் என்று 2023 டிசம்பரில் அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டதிலிருந்து, தமிழ்நாட்டு உறவுக்காரர்கள் எங்கள் வீடுகளுக்கு வந்தவண்ணம் இருக்கிறார்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அவர்கள் கையோடு கொண்டுவரும் பயணத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். யார் அச்சடித்தாலும் முதல் நாள் மட்டும் மாறுவதில்லை. காலையில் பத்துமலை, பிறகு ஒரு சாக்லேட் கடை, மெர்டேக்கா சதுக்கத்தில் பத்து நிமிடம், இரவில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று படம். சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். பாலத்தைத் தாண்டியதும் பேருந்து நெடுஞ்சாலையில் ஏறிவிடும். ஏர்கோனில் கண் அயர்ந்து விழித்தால் கோலாலம்பூர். ஜொகூர் என்றால் அவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே ஓடிய செம்பனை மரங்கள், அவ்வளவுதான்.

சென்ற பள்ளி விடுமுறையில் மன்னார்குடியிலிருந்து என் அத்தை மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். கோலாலம்பூரைச் சுற்றிய முதல் நாள் நானும் உடன் போனேன். வழிகாட்டி நல்ல பிள்ளை, கலகலப்பாகப் பேசினார். இரட்டைக் கோபுரம் 452 மீட்டர், மெர்டேக்கா 118 அதையும் தாண்டி 678.9 மீட்டர் என்று புள்ளி பிசகாமல் ஒப்பித்தார். பத்துமலை முருகன் சிலை 2006இல் திறக்கப்பட்டது, 272 படிகளுக்கும் 2018இல் வண்ணம் பூசினார்கள் என்றார். குரங்குகள் கைப்பையைப் பறித்துவிடும், கவனம் என்றும் சொன்னார். அத்தை மகன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“இவ்ளோ தூரம் வந்து நம்ம ஆளுங்க கோயில் கட்டியிருக்காங்களே, என்ன வேலைக்குத் தம்பி வந்தாங்க?”

“எஸ்டேட் வேலைக்கு அங்கிள். நேரமாச்சு, எல்லாரும் பஸ்ல ஏறுங்க.”

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். படித்துக் கொடுத்ததைத்தான் அவர் சொல்வார். 1873இல் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை யார், பத்துமலைத் தைப்பூசம் 1892 முதல் எப்படி நடந்துவருகிறது, கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றியது எப்படி, இவற்றையெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். குரங்குகளுக்குச் செலவான நேரமே போதும்.

மறுநாள் அவரை எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமுக்கு அழைத்து வந்தேன். கோலாலம்பூர், ஜொகூர் பாரு சாலையும், பத்து பகாட், குளுவாங், மெர்சிங் சாலையும் குறுக்கிடும் சந்தியில் இருக்கிறது எங்கள் ஊர். 1994இல் நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கப்படும்வரை சிங்கப்பூருக்கும் தலைநகருக்கும் இடையே ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை எங்கள் கடைத்தெருவைத் தொட்டுத்தான் போயின. அவித்த சோளம், மரவள்ளிக் கெரிப்பெக், பீங்கான் சாடி என்று சடக்கோரம் முழுக்க வியாபாரம். இப்போதும் கடைகள் இருக்கின்றன. அங்கே விற்கும் பூச்சாடிகளில் பல எங்கள் ஊர் மண்ணைக் கண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் வாங்குகிறவர்கள் பாவம்.

ஆனால் ஊருக்கு வெளியே பழைய டிராகன் சூளை ஒன்று இருக்கிறது. சரிவில் படுத்த நீளமான செங்கல் குகை. அடிவாயில் விறகு போட்டால் அனல் மேலேறிக்கொண்டே போகும். பக்கவாட்டுத் துளைகள் வழியாகவும் விறகு தள்ளி, கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாகச் சுடுவார்கள். அத்தை மகன் அதற்குள் குனிந்து போய் வந்தார். அவரை நிறுத்தியது சூளை அல்ல, பக்கத்துக் கடையில் தூசி படிந்து கிடந்த மங்குகள். வெளியே சொரசொரப்பு, உள்ளே மட்டும் வழவழவென்று மெருகு. எதற்கென்று கேட்டார். ரப்பர் மரத்தில் கம்பியால் கட்டிப் பால் பிடித்த மங்கு என்றேன். என் அம்மா விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெரை நெரையாகப் போய், மரத்தில் பால் வெட்டி, மங்கைத் துடைத்து வைப்பார். பிறகு திரும்பி வந்து, மங்கில் நிறைந்த பாலை வாளியில் வழிப்பார். உள்ளே மெருகில்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு வராது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் டிராகன் சூளைகளில் சுட்ட மங்குகளைத் தமிழர்கள் மரத்தில் கட்டினார்கள். பல இன நாடு என்று உங்கள் அமைச்சு விளம்பரம் செய்கிறதே, அதை ஒரு சுற்றுப்பயணியின் உள்ளங்கையில் வைத்துக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? எத்தனை கோபுரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் இது கிடைக்காது. சிங்கப்பூரில் மிஞ்சியவை இரண்டே இரண்டு டிராகன் சூளைகள். 1940இல் கட்டியது ஒன்று. ஜூரோங்கில் இருக்கும் அதைத் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். நம்மிடம் இருப்பதைத் தாண்டிப் பேருந்துகள் நிற்காமல் போகின்றன.

2025 டிசம்பரிலிருந்து இடிஎஸ் ரயில் ஜொகூர் பாருவரை ஓடுகிறது. இனிச் சுற்றுப்பயணிகள் சடக்கையே பார்க்கப்போவதில்லை. 1909இல் முடிந்த ஜொகூர் ரயில்பாதையை ஒட்டித்தான் புதிய இரட்டைப் பாதையும் போகிறது. ஆயர் ஈத்தாமுக்கு நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது குளுவாங். அங்கே 1938 முதல் நடக்கும் ரயில் நிலையக் காப்பிக்கடையில் ரொட்டியும் காப்பியும் பசியாறிவிட்டு வண்டியேறினால், அரைமணி நேரத்தில் எங்கள் ஊர். ஆனால் அந்த வண்டிதான் கண்ணில் படுவதில்லை.

2026 மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு என்று நீங்கள் பறைசாற்றியிருக்கிறீர்கள். எனக்குப் புதுக் கட்டடமோ வளைவோ வேண்டாம். சுற்றுலாத் தொழில் சட்டம் 1992இன்படி வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுப்பது உங்கள் அமைச்சுதான். அவர்களுக்கான பயிற்சியில் தோட்டத்து வரலாற்றையும் ரயில் பாதை போட்டவர்களின் வரலாற்றையும் சேருங்கள், தேர்விலும் கேளுங்கள். குளுவாங் நிலையத்தில் ரயில் வரும் நேரத்துக்கு ஒரு சிற்றுந்து விடுங்கள். சூளைக்கு முன்னால் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள். ஊரில் ஒரு நல்ல கழிப்பறையும் கட்டிக்கொடுங்கள். கழிப்பறை சரியில்லாத ஊரில் எந்தப் பயண நிறுவனமும் பேருந்தை நிறுத்தாது.

மங்கு செய்யத் தெரிந்தவர்களும் அதில் பால் பிடித்தவர்களும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள உங்கள் அதிகாரிகளை இந்த ஆண்டே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பால் வெட்டியவரின் மகன்,
ஆயர் ஈத்தாம், ஜொகூர்