சார்ஜர் மாட்டுறதுக்கு முன்னாடி மெயின் பாக்ஸைத் திறந்து பாருங்க!



எங்க மாமா வீட்டுல எலெக்ட்ரிக் கார் வாங்கின மூணாவது நாள், ராத்திரி எட்டு மணிக்கு வீடு மொத்தமும் இருட்டு. உள்ளே ஏசி ஓடுது, மேல தொட்டிக்கு மோட்டார் ஓடுது, அத்தை இண்டக்‌ஷன் அடுப்புல பால் காய்ச்சுறாங்க, வாசல்ல கார் 7 கிலோவாட் இழுக்குது. மெயின் எம்.சி.பி. பாவம், என்ன செய்யும்? விழுந்துடுச்சு. "நீதான ஈ.ஈ.ஈ. படிச்சவன், வந்து பாரு"ன்னு போன்.

போய்ப் பார்த்தா, அந்த வீட்டோட சாங்ஷன்டு லோடு 5 கிலோவாட். சிங்கிள் ஃபேஸ்ல ஏறக்குறைய 22 ஆம்பியர். சார்ஜர் மட்டுமே 32 ஆம்பியர் கேட்கும். மாட்டிட்டுப் போனவர் மீட்டர் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கலை.

லோடை உயர்த்தலாம். அதுக்கு டெபாசிட், கேபிள் மாத்துறதுன்னு செலவு இழுக்கும். இன்னொரு வழி, ஹோம் எனர்ஜி மேனேஜர். பேர்தான் பெருசு, வேலை எளிது. மெயின் வயரைச் சுத்தி ஒரு சி.டி. கிளாம்ப் மாட்டுவோம். வீடு இப்போ எத்தனை ஆம்பியர் எடுக்குதுன்னு அது அளந்து சொல்லும். கன்ட்ரோலர் மீதியைக் கணக்குப் போட்டு, அவ்வளவு மட்டும் எடுத்துக்கோன்னு காருக்குச் சொல்லும். வீடு 12 எடுத்தா காருக்கு 10. வீடு 18 எடுத்தா காருக்கு மிஞ்சுறது 4 தான். 6 ஆம்பியருக்குக் கீழே சார்ஜிங் ஓடாது, அதனால கார் காத்திருக்கும். பத்தரை மணிக்கு வீடு அடங்கினதும் தானா தொடங்கும். ஹோம் அசிஸ்டென்ட், ஈ.வி.சி.சி. மாதிரி திறந்த மூல மென்பொருளை ஒரு ராஸ்பெரி பை-ல போட்டே இதைச் செய்யலாம். ஆனா கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கக் கூடிய சார்ஜரா இருக்கணும்.

மாட்டும்போது நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். கிளாம்ப்ல ஒரு அம்புக்குறி இருக்கும். அதைத் திருப்பி மாட்டிட்டேன். வீடு 10 ஆம்பியர் எடுக்குது, கன்ட்ரோலரோ வீட்டுலேர்ந்து 10 வெளியே போகுதுன்னு நினைச்சுக்கிட்டு காருக்கு அள்ளிக் கொடுத்துச்சு. திரும்ப இருட்டு. அத்தை முகத்தைப் பார்க்கவே முடியலை.

எர்த் சரியில்லைன்னா நிறைய சார்ஜர்கள் கிளம்பவே கிளம்பாது. வெயில்ல காய்ஞ்சு கிடந்த எர்த் குழியில உப்பும் தண்ணியும் ஊத்தின பிறகுதான் எங்களுக்கு வேலை நடந்துச்சு. இன்னொண்ணு, கரண்ட் போய் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பும். சார்ஜரை அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தொடங்குற மாதிரி வைங்க. ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. நல்ல டைமர் ஒண்ணு போதும்.

சரி, ட்ரிப் ஆகுறது நின்னுடுச்சு. பில்?

ரெண்டு மாசத்துல 2000 கிலோமீட்டர் ஓட்டினா சுமார் 280 யூனிட். 350 யூனிட் எடுத்த வீடு 630-க்குப் போகும். 500-ஐத் தாண்டினா ஸ்லாப் கணக்கே வேற. 2022 செப்டம்பர் கட்டணப்படி 350 யூனிட்டுக்கு 900 ரூபாய், 630 யூனிட்டுக்கு 3,020 ரூபாய். அதுக்கப்புறம் விலை இன்னும் ஏறியிருக்கு. பெட்ரோல் காரா இருந்தா இதே தூரத்துக்கு 13,000 ரூபாய் ஆகும், அதனால கார் வாங்கினதுல நஷ்டம் இல்லை. என் கேள்வி வேற. எல்லாரும் டிவி போட்டு, ஏசி போடுற எட்டு மணிக்கு சார்ஜ் பண்ணினாலும், சூரிய மின்சாரம் பொங்கி வழியிற மதியம் ஒரு மணிக்கு சார்ஜ் பண்ணினாலும் ஏன் ஒரே விலை? தொழிற்சாலைக்கு நேரத்துக்கு ஒரு விலை ரொம்ப காலமா இருக்கு. 2023-ல திருத்தின ஒன்றிய அரசு விதி, விவசாயம் தவிர எல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் நேரவாரிக் கட்டணம் வரணும்னு சொல்லுது. சூரிய நேரத்துல விலை குறைஞ்சது 20 சதவீதமாவது குறையணும்.

இதை அப்படியே எல்லார் தலையிலும் கட்டினா, ஒரு ஃபேன், ரெண்டு லைட் வச்சிருக்கிற வீடு சாயங்காலம் கூடுதல் காசு கட்டணும். அவங்களால ஃபேனை மதியத்துக்கு மாத்தி வைக்க முடியாது. அதனால நாம கேட்கிறது இதுதான்: 100 யூனிட் இலவசத்துல கை வைக்காதீங்க. விருப்பப்படுற வீட்டுக்கு மட்டும் நேரவாரிக் கட்டணம் கொடுங்க. காருக்குன்னு தனி மீட்டர் கேட்டா அலைய விடாம கொடுங்க. அடுக்குமாடியில இருக்கிறவங்க தனி இணைப்பு கேட்க 2024 விதியே இடம் தருது. ஸ்மார்ட் மீட்டர் வந்தா அதோட ரீடிங் நம்ம போனுக்கும் வரணும். அது வந்தா மாமா வீட்டு கன்ட்ரோலர் விலை பார்த்து தானா நேரத்தை மாத்திக்கும், கோடு நான் எழுதியே வச்சுட்டேன்.

அதுவரைக்கும், உங்க கரண்ட் பில்லை எடுத்து சாங்ஷன்டு லோடு எவ்வளவுன்னு பாருங்க. புரியலைன்னா போட்டோ போடுங்க. மின் இணைப்பு எண்ணை மறைச்சுட்டுப் போடுங்க.