மணி ஒலித்தால் போதுமா?

நோய் முற்றுமுன் எச்சரிக்கும் கணிப்பு மாதிரிகள் வந்துவிட்டன. இனி அவசர சிகிச்சைப் பிரிவில் சாவு குறையும் என்று பூரிப்போர் நம்மிடையே பலர். பூரிப்பு இருக்கட்டும், நடந்ததைப் பார்ப்போம்.

கிருமித்தொற்று முற்றி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் நோயில் காலதாமதமே காலன். அதை முன்னறிவிக்க அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் ஏற்ற ஒரு மாதிரியை மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டனர். அனுமதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 18 பேருக்கு எச்சரிக்கை மணி அடித்தது. ஆனால் செப்சிஸ் கண்டோரில் நூற்றுக்கு 67 பேரைத் தவறவிட்டது!

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞர்கள் 5 மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்திய மற்றொரு மாதிரியின் ஆய்வு 2022இல் வந்தது. எச்சரிக்கையை 3 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்த்து உறுதிசெய்த நோயாளரிடையே, மற்றவரைவிடச் சாவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு யாதெனில், மணியோசை கேட்டு எழுந்து வரும் மருத்துவர் இல்லையேல் எக்கணக்கும் வீண் என்பதே. ஆய்வுக்கூடத்தில் மாதிரி சமைக்கும் நண்பர்களே! நம் நாட்டு மருத்துவமனைக்கு அதைக் கொண்டுசெல்லுமுன் இரு வினாக்களுக்கு விடை தேடுங்கள்: நம் நோயாளரிடையே அது சோதிக்கப்பட்டதா? மணி ஒலித்தால் ஓடிவர ஆள் உண்டா?